மாலத்தீவு போறீங்களா? வில்லாவ விடுங்க, மொதல்ல தண்ணியப் பாருங்க

மதுரைல எந்த ட்ராவல்ஸ் ஆபீஸ்ல போயி மாலத்தீவுனு சொன்னாலும் மொதல்ல நீட்டுறது வில்லா படந்தான். தண்ணிக்கு மேல கூரை வேஞ்ச வீடு, உள்ள கண்ணாடித் தரை, வாசல்ல ஊஞ்சல், கட்டில் மேல துண்டை அன்னமா மடிச்சு வச்சிருப்பாங்க. நாலு ரிசார்ட் படத்தக் கலந்து போட்டா எது எந்த ரிசார்ட்னு அவங்களுக்கே தெரியாது. அப்பாவுக்குத் திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணம் முடிச்ச கையோட ரெண்டு பேரையும் எங்கயாச்சும் நல்லபடியா கூட்டிட்டுப் போகணும்னு நானும் தம்பியும் பேசிட்டு இருந்தப்ப எங்க முன்னாடியும் இதே படத்தத்தான் பரப்புனாங்க. போயிட்டு வந்தப்புறம் கேக்குறவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்றது ஒண்ணுதான், அங்க நீங்க அம்புட்டு காசு குடுக்குறது கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் இல்ல, வாசல்ல இருக்குற தண்ணிக்கு. அந்தத் தண்ணி எப்படிப்பட்டதுன்னு பாக்காம வீட்ட மட்டும் பாத்து புக் பண்ணுனா கொடைக்கானல்லயே ஒரு நல்ல காட்டேஜ் எடுத்துரலாம்.

தண்ணில என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. மாலத்தீவுல ஏறக்குறைய 1,190 தீவு, எல்லாம் பவளம் கட்டுன தீவுதான். கடலுக்குள்ள வளையம் வளையமா பவளப்பாறை, அந்த வளையத்துக்குப் பேரு அடால், மொத்தம் 26 அடால்னு கணக்கு சொல்றாங்க. பல கோடி வருசத்துக்கு முன்னாடி எரிமலையா இருந்தது பைய அமுங்கிப் போக, பவளம் மட்டும் வெளிச்சத்தத் தேடி மேல மேல வளந்துக்கிட்டே வந்ததுல உண்டானது. இப்ப ஒரு தீவுல நின்னு பாத்தா, கரைல இருந்து கொஞ்ச தூரத்துக்கு இடுப்பளவு நெஞ்சளவு பச்சத் தண்ணி, அடில வெள்ள மணல், அதுதான் லகூன். அது முடியிற எடத்துல பவளப்பாறை, அதத் தாண்டுனா சரேல்னு ஆழம், தண்ணி கருநீலமாயிரும். மீனு, ஆமை எல்லாம் அந்த விளிம்புலதான். மணல் லகூன்ல பெருசா ஒண்ணும் இருக்காது, குளிக்கலாம் மெதக்கலாம் அம்புட்டுதான்.

ஆக ரெண்டு வகைத் தீவு இருக்கு. ஒண்ணு, லகூன் பெருசு, பாறை எங்கயோ தூரத்துல இருக்கும், போட்டோவுக்கு அருமையா இருக்கும், புள்ளைங்க வயசானவங்க பயமில்லாம எறங்கலாம், ஆனா மீன் பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் போட்ல போகணும், ஒவ்வொரு தடவையும் காசு. இன்னொண்ணு, பாறை கரைக்குப் பக்கத்துலயே, மாஸ்க்க மாட்டிட்டு பத்தெட்டு நீந்துனா வேற உலகம், ஆனா கரைல கல்லும் பவளத் துண்டுமா கால வைக்க முடியாது, நீச்சல் தெரியாதவங்களுக்கு அது ஆகாது. ரெண்டும் சேந்தாப்ல இருக்குற தீவும் உண்டு, தேடணும்.

எப்படித் தேடுறதுன்னா போன்ல மேப்ப சேட்டிலைட் வியூல போட்டு ரிசார்ட் பேர அடிங்க. வெளிர் பச்சையா இருக்குறது மணல் லகூன், பழுப்புத் திட்டா தெரியிறது பவளமோ கடல்புல்லோ, அதுக்கப்புறம் பட்டுனு கருநீலமா மாறுற கோடு இருக்கும் பாருங்க, அதுதான் விளிம்பு. வில்லா இருக்குற எடத்துல இருந்து அந்தக் கோட்டுக்கு எம்புட்டு தூரம்னு மேப்லயே அளந்துக்கலாம். ஐம்பது நூறு மீட்டர்னா நீந்திப் போயிரலாம், எண்ணூறு மீட்டர்னா போட் தான். தம்பி ராத்திரி கடைய அடச்சுட்டு வந்து இதே வேலையா ஒக்காந்து பாத்தான், ஏஜெண்ட் சொன்ன லிஸ்ட்ல முக்காவாசி அங்கயே கழிஞ்சு போச்சு. ஒரு பக்கம் மணல் லகூன், இன்னொரு பக்கம் பாறை பக்கத்துல, அப்படி ஒரு தீவக் கடைசில பிடிச்சோம். அங்க எல்லாம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான், 1972ல குரும்பானு மொத ரிசார்ட் தொறந்ததுல இருந்து அப்படித்தான், அதனால தீவத் தப்பா எடுத்துட்டா பக்கத்துத் தெருவுக்கு மாறிக்கலாம்னு கிடையாது.

இன்னொண்ணு காத்து. நம்ம குத்தாலத்துல சாரல் கொண்டாடுறோமே அதே தென்மேற்குக் காத்துதான் மே மாசத்துல இருந்து அங்கிட்டும் அடிக்குது, அப்ப தீவோட மேற்குப் பக்கம் அலையும் கலங்கலுமா இருக்கும், கெழக்குப் பக்கம் அம்புட்டு இருக்காது. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வடகிழக்குக் காத்து, மழ கம்மி, தண்ணி தெளிவு, வெலையும் உச்சம். சூரியன் மறையிற பக்கத்து வில்லானு கூடக் காசு வாங்குவாங்க, ஜூன் ஜூலைல போறவங்க அதுக்குக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி யோசிங்க, மேற்குப் பக்கம்னா காத்து மூஞ்சில அடிக்கிற பக்கம்னு அர்த்தம். மழைக்காலம்னு ஒதுக்கிறவும் வேணாம், மாண்டா ரேனு சொல்ற பெரிய திருக்கை பா அடால்ல ஹனிஃபாரு பக்கம் கூட்டமா வர்றதே அந்த மாசங்கள்லதான், அந்த அடால 2011ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சிருக்காங்க.

போற வழி மதுரைக்காரங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. மதுரைல இருந்தே கொழும்புக்கு ப்ளேன் இருக்கு, கொழும்புல மாறி மாலத்தீவுத் தலைநகர் மாலே. இல்லாட்டி திருவனந்தபுரம் போயி அங்கிருந்து நேரா, அது இன்னும் குட்டிப் பயணம், ஆனா திருவனந்தபுரத்துக்கு ரோட்ல போற அலுப்பு தனி. விசா மாலேல எறங்குனதும் இலவசமாக் குத்திருவாங்க, இமூகானு ஒரு ஆன்லைன் பாரம் மட்டும் ப்ளேனுக்கு முந்துன 96 மணி நேரத்துக்குள்ள நிரப்பணும், அதுக்குக் காசு கிடையாது, காசு கேக்குற சைட் எல்லாம் போலி. டூட்டி ஃப்ரீல பாட்டில் வாங்கிட்டு எறங்காதீங்க, உள்ள விடமாட்டாங்க. சாமி விக்கிரகமும் கொண்டு போகக் கூடாது. அம்மா பூசை செட்டோட ரெடியா இருந்தாங்க, ஏண்டி பிள்ளையார் இல்லாம எப்படிடி போறதுன்னு ஒரு நா முழுக்கப் பேச்சு, கடைசில தினம் காலைல கெழக்குப் பாத்து சூரியனையே கும்பிட்டுக்கிட்டாங்க.

மாலேல இருந்து தீவுக்குப் போறதுதான் பல பேரு பட்ஜெட்ல விட்டுர்ற விசயம். பக்கத்து அடால்னா ஸ்பீட் போட், தூரம்னா தண்ணில எறங்கி ஏறுற சீப்ளேன். சீப்ளேன் போக வர ஒரு ஆளுக்கு நாங்க பாத்த ரிசார்ட்டுகள்ல 400 டாலருக்கு மேலதான், வில்லா வாடகைய மட்டும் பாத்து மலிவுனு நெனச்சா நாலு பேருக்கு இதுவே ஒன்றரை லட்சத்துக்கு நெருங்கிரும். அதுவும் வெளிச்சம் இருக்கும்போதுதான் பறக்கும், ராத்திரி கிடையாது. சாயங்காலம் மாலேல எறங்குறாப்ல டிக்கெட் போட்டா அன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல ஹுல்ஹுமாலேங்கிற தீவுல ரூம் எடுக்கணும், ரிசார்ட்டுக்குக் கட்டுன ஒரு ராத்திரி காசு தண்டம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மேல போனா கிலோவுக்கு இம்புட்டுன்னு வாங்குவாங்க, முறுக்கு டின்னு இட்லிப்பொடினு கட்டுறவங்க வீட்டுலயே எடை போட்டுக்கோங்க. இதெல்லாம் சொன்னாலும் சீப்ளேன் ஒரு தடவ ஏறிப் பாக்க வேண்டியது, ஏசி கிடையாது, சத்தம் காதப் பொளக்கும், ஆனா வளையம் வளையமா பவளம் கடல்ல கெடக்குறது மேல இருந்து பாத்தாத்தான் புரியும். பைலட்டு வெறுங்கால்ல ஓட்டுனாரு, அப்பா என்கிட்ட குனிஞ்சு, "செருப்பக் கழட்டிட்டு ஓட்டுறாரு பாத்தியா பாப்பா, கோயிலுக்குள்ள போற மாதிரி"ன்னு அவ்வளவு திருப்தியா சொன்னாரு.

பில்லு. இதக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. மெனுலயும் ஸ்பா அட்டைலயும் வெலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருக்கும். ஒரு ப்ளஸ் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், இன்னொரு ப்ளஸ் டூரிசம் ஜிஎஸ்டி, அது 2025 ஜூலைல இருந்து 17 சதவீதம், சர்வீஸ் சார்ஜையும் சேத்து அதுக்கு மேலதான் இந்த வரி. அதாவது 100 டாலர்னு போட்டிருந்தா நீங்க கட்டுறது 128 டாலர் 70 சென்ட். இது போக க்ரீன் டாக்ஸ், ரிசார்ட்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், நாலு பேரு நாலு ராத்திரி தங்குனா அதுவே 192 டாலர். ஏஜெண்ட் குடுக்குற கொட்டேஷன்ல இதெல்லாம் சேந்ததா சேராததானு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல சொல்றதெல்லாம் அங்க போயி நிக்காது. எங்களுக்குக் குடுத்த மொதக் கொட்டேஷன்ல க்ரீன் டாக்ஸும் இல்ல சீப்ளேனும் இல்ல, கேட்டப்பதான் அது தனியாத்தானே சாருனாங்க. பேக்கேஜா இந்தியால இருந்து புக் பண்ணுனா டிசிஎஸ்னு வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பாங்க, அது போன காசு இல்ல, வருமான வரி ரிட்டர்ன் போடுறப்ப கழிச்சுக்கலாம், ஆனா பான் நம்பர் யாரு பேர்ல போட்டீங்கங்கிறது முக்கியம்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். காலைச் சாப்பாடு மட்டும்னு எடுத்துட்டுப் போயி மத்தியானம் ஆளுக்கு ஒரு தட்டுனு ஆர்டர் பண்ணுனா வெல கண்ண இருட்டிரும், பக்கத்துல கடை கிடையாது, பரோட்டா வாங்கிட்டு வந்துரலாம்னு நெனைக்கவே முடியாது, அது தீவு. குடும்பமாப் போறவங்க காலையும் ராத்திரியும் சேத்த ஹாஃப் போர்டாவது எடுங்க, குடிக்கிறவங்கன்னா சாப்பாடு, குடி எல்லாம் சேத்த ஆல் இன்க்ளூசிவ் கட்டுபடியாகும், நாங்க குடிக்காத ஆளுக, எங்களுக்கு அது வீண். ஹாஃப் போர்டுல ராத்திரி சாப்பாட்டுக்குத் தண்ணி பாட்டில் சேருமா சேராதானு கூடக் கேளுங்க, சிரிக்காதீங்க, பல எடத்துல சேராது.

அம்மா சைவம். அந்த ஊருல சூரை மீன் இல்லாத சாப்பாடு கம்மி, நம்ம பக்கம் மாசிக்கருவாடுனு வாங்குறோமே அதுக்கு ஊரே அதுதான். முன்கூட்டியே மெயில் போட்டிருந்ததால தனியா சமச்சுத் தந்தாங்க, ரெண்டாவது நாளே கிச்சன்ல இருந்து ஒருத்தர் வெளிய வந்து, "நீங்க மதுரையாக்கா, நான் நத்தம் பக்கம்"னாரு. அம்மா முகத்தப் பாக்கணுமே. "தம்பி, வெஞ்சனம் ஏதாவது காரமா பண்ணிக் குடுய்யா, இவுக எல்லாம் உப்பில்லாம திங்கிறாக"ன்னு அவர்கிட்ட முறையிட்டாங்க. அதுக்கப்புறம் தெனம் ஒரு பொரியல், ஒரு நா வத்தக்குழம்பே வந்துச்சு. ரிசார்ட்டுகள்ல தமிழாளுக, மலையாளிக, இலங்கைக்காரங்க நெறையப் பேரு வேலை பாக்குறாங்க, கூச்சப்படாம தமிழ்ல பேசிப் பாருங்க.

இப்ப தண்ணி வில்லாவா கரை வில்லாவா. எல்லாருக்கும் தண்ணி வில்லா ஆசைதான். வயசானவங்களுக்கு வேணாம்னுதான் நான் சொல்லுவேன். மரப்படி எந்நேரமும் நனஞ்சு வழுக்கும், பல எடத்துல கைப்பிடியே இருக்காது, ரெஸ்டாரண்டுக்கு நீளமான மரப்பாலத்துல நடக்கணும், இல்ல பக்கினு சொல்ற ரிசார்ட்டோட குட்டி வண்டிக்குக் காத்திருக்கணும், ராத்திரி முழுக்க அடில அலை தூண்ல மோதிக்கிட்டே இருக்கும், அது சிலருக்குத் தாலாட்டு, அம்மாவுக்கு அது தூக்கத்தக் கெடுக்குற சத்தம். கைக்குழந்தை சின்னப் புள்ளைகள சில ரிசார்ட்ல தண்ணி வில்லாவுல விடவே மாட்டாங்க. கரை வில்லான்னா கதவத் தொறந்தா மணல், நிழலுக்கு மரம், பத்தடில லகூன். நாங்க ரெண்டு பேரையும் கரை வில்லாவுல விட்டுட்டு நானும் வீட்டுக்காரரும் தண்ணி வில்லா எடுத்தோம், பகல்ல நாங்களே அவங்க திண்ணைலதான் கெடந்தோம்.

லகூன்ல மொத நாளே அம்மா முழங்கால் தண்ணில நிக்கிறப்ப குட்டிச் சுறா ரெண்டு சுத்தி வந்துச்சு, முதுகுத் துடுப்பு நுனி கறுப்பா இருக்கும், ஒண்ணும் பண்ணாது, பெரிய மீனுக்குப் பயந்து ஆழமில்லாத எடத்துல ஒதுங்குற குட்டிங்க அது. அம்மா போட்ட சத்தம் நம்ம ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல மண்டபம் ஊரு வரைக்கும் கேட்டிருக்கும். மூணாவது நா அவங்களே "அந்தப் புள்ளைக இன்னிக்கு வரலியா"ன்னு தேடுனாங்க.

ஸ்நார்கல் பண்றது, அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மெதந்து மீன் பாக்குறது, அதப் பத்திதான் நெறையச் சொல்லணும். அப்பா சோழவந்தான் பக்கம் கெணத்துல குதிச்சு வளந்தவரு, எனக்கு என்ன சொல்லித் தர்றதுன்னாரு. ஆனா மாஸ்க்க மாட்டுனா ரெண்டு நிமிசத்துல மூக்கு வரைக்கும் தண்ணி. காரணம் மீசை. மதுரை மீசைக்கு எந்தக் கம்பெனி மாஸ்க்கும் ஒட்டாது, மீசை முடிக்குள்ள தண்ணி பூந்துரும். அங்க டைவ் சென்டர்ல இருந்த பையன் வாஸ்லின எடுத்து மீசை மேல தடவி ரப்பர் ஓரத்த அமுக்கி விட்டான், பாதிக்குப் பாதி நின்னுச்சு. மீசைய எடுக்கச் சொல்லி நாங்க கேக்கவே இல்ல, உசுரு மேல ஆசை இருக்கே. மாஸ்க் உள்ள ஆவி படியாம இருக்க பேபி ஷாம்பு ஒரு சொட்டுத் தேச்சுக் கழுவுனா போதும்.

கெணத்து நீச்சல் வேற கடல் வேற, இத எம்புட்டு சொன்னாலும் தகும். அடாலுக்கு உள்ளயும் வெளியயும் தண்ணி போக வர வாய்க்கால் மாதிரி வழி இருக்கும், அங்க இழுவை ஜாஸ்தி, மேல பாத்தா அமைதியாத்தான் தெரியும். மொத நா டைவ் சென்டர் ஆள் கூடத்தான் எறங்கணும், எந்தப் பக்கம் எறங்கி எந்தப் பக்கம் ஏறணும், இன்னிக்கு இழுவை எங்கிட்டுன்னு கேட்டுக்கணும், லைஃப் ஜாக்கெட் போட்டா கௌரவம் கொறஞ்சிராது. தனியாப் போகக் கூடாது, சாப்பிட்ட ஒடனே போகக் கூடாது, பிபி சுகர் இருக்கவங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். பவளத்து மேல நிக்காதீங்க, அது உசுருள்ளது, ஒடஞ்சா திரும்பி வளர வருசக்கணக்காகும், நம்ம கால்ல கீறுனாலும் சீக்கிரம் ஆறாது. அப்புறம் கிளாத்தி மீனு, இங்கிலீஷ்ல ட்ரிகர் ஃபிஷ். சாதாரண நேரத்துல அது பாட்டுக்குப் போகும், மணல்ல குழி பறிச்சு முட்டை வச்சிருக்குறப்ப பெரிய கிளாத்தி தொரத்திக் கடிக்க வரும், அப்ப மேல தண்ணி மட்டத்துக்கு எழும்பாம பக்கவாட்டுல நீந்தி வெலகணும், ஏன்னா அது தன்னோட எடம்னு நெனைக்கிறது குழிக்கு மேல விரிஞ்சுக்கிட்டே போகுது.

வெயில் முதுகுலதான் அடிக்கும், குப்புற மெதக்கிறப்ப தெரியாது, ராத்திரி படுக்க முடியாது. க்ரீம் பூசுறத விட முழுக்கை நீச்சல் சட்டை போடுங்க, க்ரீம்ல இருக்குற ஆக்சிபென்சோன் மாதிரி சரக்கு பவளத்துக்கு ஆகாதுன்னு 2020ல பலாவ் நாட்டுலயும் 2021ல ஹவாய்லயும் தடையே போட்டுட்டாங்க.

போட்டோவுல பாக்குற மாதிரி ஊதா செவப்புப் பவளம் வாசல்லயே பூத்துக் கெடக்கும்னு எதிர்பாக்காதீங்க. கடல் சூடாச்சுன்னா பவளத்துக்குள்ள இருக்குற பாசிய அது வெளிய தள்ளிரும், நிறமும் அதுதான் சோறும் அதுதான், வெள்ளையா வெளுத்துக் கொஞ்ச நாள்ல செத்துரும். 1998ல கடலச் சூடாக்குற எல் நினோ வந்தப்ப மாலத்தீவுல ஆழமில்லாத எடத்துப் பவளத்துல பெரும்பகுதி இப்படித்தான் போச்சு, தேறி வர்றதுக்குள்ள 2016ல மறுபடி, 2024லயும் வெளுத்துச்சு. நாங்க போன தீவுலயும் லகூன் பக்கம் சாம்பலா ஒடஞ்ச துண்டுதான் ஜாஸ்தி, விளிம்புல ஆழத்துல நல்லா இருந்துச்சு. மீனு ஏராளம். கிளிமீன் பவளத்தக் கொறிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள கரகரன்னு கேக்கும், அது தின்னு கழிக்கிறதுதான் நம்ம படுத்துக் கெடக்குற வெள்ள மணல்ல பெரும்பங்கு, பெரிய கிளிமீன் ஒண்ணே வருசத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் போடும்னு டைவ் சென்டர் பையன் சொன்னதும் அப்பா கைல இருந்த மணலப் பைய கீழ போட்டுட்டாரு.

நம்ம மன்னார் வளைகுடாவும் இதே பவளந்தான், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சது. முன்ன சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்தாங்க, அதுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயே போச்சு. மாலேலயும் அந்தக் காலத்துல வீடு, பள்ளிவாசல் எல்லாம் பவளக்கல்லுதான், 1658ல கட்டுன வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் இன்னும் நிக்குது, நேரம் இருந்தா பாருங்க. மதுரைல இருந்து மூணு மணி நேரத்துல மண்டபம் போயிரலாம், லட்சக்கணக்குல செலவழிக்கிறதுக்கு முன்னாடி புள்ளைகளுக்கு அங்க ஒரு தடவ பவளத்தக் காட்டிட்டா மாலத்தீவுல எதப் பாக்கணும்னு அதுகளுக்கே தெரியும். சிப்பி, பவளத் துண்டு எதையும் பைல போடாதீங்க, அங்கயும் வெளிய கொண்டு வரத் தடை, இங்கயும் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணை. ராமேஸ்வரம் போயிட்டு வந்து ஷோகேஸ்ல வெள்ளப் பவளம் வச்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சு. அம்மா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்ததக் கடைசி நா காலைல கொண்டு போயி லகூன்லயே கொட்ட வச்சோம்.

கெளம்புற அன்னிக்குக் கடிகாரத்துல ஒரு சிக்கல் உண்டு. மாலே நேரம் நம்மள விட அரை மணி பின்னாடி, ஆனா பல ரிசார்ட்டுங்க வெளிச்சம் நெறையக் கெடைக்கட்டும்னு தீவு நேரம்னு ஒண்ண மாலேய விட ஒரு மணி நேரம் முன்னாடி வச்சிருப்பாங்க. சீப்ளேன் எத்தன மணிக்குன்னு முந்துன நா சாயங்காலந்தான் சொல்லுவாங்க, அது எந்த நேரம்னு கேட்டுக்கோங்க. மழையோ காத்தோ வந்தா தள்ளிப் போகும், அதனால மாலேல இருந்து கொழும்பு ப்ளேனுக்கு நாலஞ்சு மணி நேரம் எடைவெளி விட்டு டிக்கெட் போடுங்க, கொழும்புல மதுரை ப்ளேன விட்டா அடுத்த நாள் வரைக்கும் ஹோட்டல் செலவு நம்ம கையிலருந்துதான்.